படகுக்கு முன்னால் தண்ணீரைத் தேர்ந்தெடுங்கள்

ஆலப்புழைக்குப் படகுப் பயணம் போகலாம் என்று வீட்டில் பேச்சு வந்ததும் எல்லோரும் கேட்பது, "ஹவுஸ்போட்டுக்கு எவ்வளவு ஆகும்?" என்பதைத்தான். அதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நாம் எந்தத் தண்ணீரைப் பார்க்கப் போகிறோம்? கரை தெரியாமல் விரிந்து கிடக்கும் காயலையா, ஆற்றையா, வீட்டு வாசல்களை உரசிக்கொண்டு ஓடும் குறுகலான கால்வாய்களையா? இதை முடிவு செய்துவிட்டால் எந்தப் படகு, எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம் என்பதெல்லாம் பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும்.

படகின் அகலமும் அதன் அடிப்பாகம் தண்ணீருக்குள் இறங்கும் ஆழமும்தான் அது எங்கே நுழையலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன. இரண்டு படுக்கையறை, சமையலறை, மேல்தளம் எல்லாம் கொண்ட ஹவுஸ்போட் காயலிலும் அகலமான ஆற்றிலும் கம்பீரமாகப் போகும். இரு கரையிலும் தென்னை சாய்ந்து நிற்கும் சின்னக் கால்வாய்க்குள் அதனால் திரும்பக்கூட முடியாது. ஆனால் நாம் படத்தில் பார்த்து மயங்கி, ரயிலேறிக் கிளம்புவது பெரும்பாலும் அந்தச் சின்னக் கால்வாய்க்காகத்தான். பணமும் செலவழித்து, பார்க்க வந்ததையும் பார்க்காமல் திரும்புகிறவர்கள் பலர். இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: கால்வாயைப் பார்க்க வேண்டுமென்றால் சின்னப் படகில் போங்கள்.

இந்தத் தண்ணீர் எப்படி வந்தது?

படகில் உட்கார்ந்த பிறகு கண்ணில் படுவதெல்லாம் புரிய வேண்டுமானால் குட்டநாட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது. பம்பை, மீனச்சிலாறு, மணிமலையாறு, அச்சன்கோவிலாறு என்று நான்கு ஆறுகள் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கி வந்து வேம்பநாட்டுக் காயலில் சேரும் தாழ்நிலம்தான் குட்டநாடு. காயலின் நீளம் சுமார் 96 கிலோமீட்டர். நிலத்தின் பெரும்பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. காயலின் அடிச்சேற்றை அள்ளி வரப்பு கட்டி, உள்ளே நின்ற நீரை இறைத்து வெளியேற்றி, அந்த இடத்தை வயலாக்கினார்கள். இன்றும் நடவுக்கு முன் நீரை இறைத்தாக வேண்டும். கடல் மட்டத்துக்குக் கீழே நடக்கும் இந்த வேளாண்மை முறைக்கு ஐக்கிய நாடுகள் சபையின் உணவு வேளாண்மை அமைப்பு 2013-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் பாரம்பரியம் என்ற அங்கீகாரத்தைத் தந்தது.

அதனால்தான் அங்கே ஒரு விசித்திரமான காட்சி கிடைக்கிறது. நீங்கள் போகும் கால்வாய் மேலே இருக்கிறது, பக்கத்து வயல் கீழே கிடக்கிறது. நடுவில் இருப்பது ஒரு வரப்பு மட்டுமே. அந்த வரப்பின் மேல்தான் வீடுகள், தென்னைகள், வாழைகள், கோயில், மாதா கோயில், மளிகைக் கடை, சில இடங்களில் பள்ளிக்கூடமும். ஊருக்குத் தெருவாக இருப்பது தண்ணீர்தான். பால்காரர் வருவதும் கேஸ் சிலிண்டர் வருவதும் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் போவதும் வள்ளத்தில். வரப்பு உடைந்தால் ஒரு பருவத்து விளைச்சல் முழுகிவிடும். வேகமாகப் போகும் படகுகள் எழுப்பும் அலை இந்த வரப்புகளை அரிப்பதால்தான் ஊர்க்காரர்கள் படகோட்டிகளிடம் சண்டைக்கு நிற்கிறார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஆலப்புழை நகருக்குள் இருக்கும் கால்வாய்களின் கதை வேறு. 1762-இல் திருவிதாங்கூர் அரசு அங்கே துறைமுகத்தைத் திறந்தது. உள்நாட்டிலிருந்து மிளகும் கொப்பரையும் கயிறும் கடற்கரைக்கு வந்து சேர வழி வேண்டும். திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் வெட்டப்பட்ட இரண்டு பெரிய கால்வாய்கள்தான் காயலையும் கடற்கரையையும் இணைத்தன. கரையோரத்துப் பழைய கிடங்குகளில் சில இன்னும் நிற்கின்றன. கொல்லத்திலிருந்து வடக்கே கோட்டப்புறம் வரை போகும் மேற்குக் கடற்கரைக் கால்வாய் 1993-இல் தேசிய நீர்வழி 3 என்று அறிவிக்கப்பட்டது. ஆலப்புழை அதன் நடுவில் இருக்கிறது.

ஹவுஸ்போட்டின் முன்னோர் கெட்டுவள்ளங்கள். அயினிப் பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் இறுகக் கட்டிச் செய்த பெரிய சரக்குப் படகுகள் அவை. நெல்லும் தேங்காயும் ஏற்றிக் கொச்சிக்குப் போய் வந்தன. சாலையும் லாரியும் வந்த பிறகு வேலையில்லாமல் கிடந்தவற்றை 1990-களில் சுற்றுலாவுக்காக மாற்றினார்கள். இப்போது நூற்றுக்கணக்கில் ஓடுகின்றன. பலவும் சுற்றுலாவுக்கென்றே புதிதாகக் கட்டப்பட்டவை.

எந்தப் படகு?

அரசுப் படகிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டிலிருந்து போகும் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைக்குத் தலைமையகமே ஆலப்புழைதான். நமக்கு டவுன் பஸ் எப்படியோ, அங்கே பல கிராமங்களுக்கு அந்தத் துறையின் படகு அப்படி. அரசுப் பேருந்து நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் போட் ஜெட்டி வந்துவிடும். அங்கிருந்து நெடுமுடி, காவாலம், புளிங்குன்னு, கைனகரி என்று குட்டநாட்டு ஊர்களுக்குப் படகுகள் கிளம்புகின்றன. கோட்டயத்துக்குப் போகும் படகு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் எடுக்கும். காயலின் ஒரு பகுதியைக் கடந்து, பிறகு கால்வாய் வழியாக நுழைந்து போகிறது. கட்டணம் சில பத்து ரூபாய்தான். கோட்டயம் பக்கத்துக் கால்வாயில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டாலோ, வழியில் இருக்கும் தூக்குப் பாலங்கள் பழுதானாலோ படகு நகரம் வரை போகாமல் காஞ்ஞிரத்தோடு நின்றுவிடுவதுண்டு. ஏறுவதற்கு முன் கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசுப் படகில் வசதி என்று பெரிதாக எதுவும் கிடையாது. மர பெஞ்சு, திறந்த பக்கவாட்டு, இன்ஜின் சத்தம், அவ்வளவுதான். ஆனால் ஊர் அப்படியே படகுக்குள் வந்து உட்காரும். கூடையோடு மீன்காரப் பெண் ஏறுவார், அடுத்த கடவில் (படகுத்துறையில்) சீருடைப் பிள்ளைகள் ஏறுவார்கள், கயிற்றை வீசிக் கட்டுகிற பணியாளர் ஒவ்வொரு கடவிலும் யார் வீட்டில் என்ன விசேஷம் என்று விசாரித்துக்கொண்டே இருப்பார். கால்வாய் என்பது வாழ்கிற இடம் என்பதை இதைவிட நன்றாக எந்தச் சுற்றுலாப் படகும் காட்டாது. பள்ளி, அலுவலக நேரத்தில் ஏறி ஊர்க்காரர்களின் இடத்தை அடைத்துக்கொள்ளாமல், காலை பத்து மணிக்கு மேல் போவது நாம் செய்யும் மரியாதை. சுற்றுலாப் பயணிகளுக்காகவே மேல்தள இருக்கைகளோடும் குறித்த நேரச் சுற்றுப் பயணமாகவும் அதே துறை இயக்கும் படகுகளும் இருக்கின்றன. அவற்றின் நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறும், ஜெட்டியிலேயே விசாரிப்பதுதான் சரி.

அடுத்தது துடுப்போ கழியோ போட்டு ஓட்டும் நாட்டு வள்ளம். நான்கு பேர் உட்காரலாம், ஓட்டுகிறவர் பின்னால் இருப்பார். என் தேர்வு எப்போதும் இதுதான். இன்ஜின் இல்லாததால் மீன்கொத்தி பறந்து ஓடுவதில்லை, துணி துவைக்கிற சத்தமும் கோயில் மணியும் தேங்காய் உரிக்கிற சத்தமும் காதில் விழும். கண் தண்ணீர் மட்டத்துக்கு அருகில் இருப்பதால் வயல் கீழே கிடப்பது அப்போதுதான் உறைக்கிறது. பல ஏற்பாடுகளில் ஓட்டுகிறவர் வீட்டிலேயோ பக்கத்து வீட்டிலேயோ புட்டும் கடலையும் காலைச் சாப்பாடாகக் கிடைக்கும். மதியமென்றால் சிவப்பரிசிச் சோறும் கரிமீனும். ஓட்டுகிறவர் அந்தக் கால்வாய்க்காரராகவே இருப்பார், அவரோடு பேசிக்கொண்டே போகலாம். நம் தமிழ் அவருக்குப் புரியும், அவர் மலையாளம் நமக்கு முக்கால்வாசி புரியும். கேட்கக் கேட்க வெள்ளம் வந்த ஆண்டுகள், நெல் விலை, வளைகுடாவுக்குப் போன பிள்ளை என்று எல்லாம் வரும்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் மிகவும் வயதானவர்களுக்கும் வள்ளம் சரிப்படாது. தாழ்வாக உட்கார வேண்டும், ஏறி இறங்கும்போது ஆடும். அவர்களோடு போகிறவர்கள் ஷிக்காராவை எடுக்கலாம். கூரை போட்ட, மெத்தை இருக்கைகள் கொண்ட சின்ன மோட்டார் படகு அது. ஆறு பேரிலிருந்து இருபது பேர் வரை பல அளவுகளில் கிடைக்கும். நடுத்தரக் கால்வாய்கள் வரைக்கும் நுழையும். மூன்று மணி நேரம் எடுத்தால் காயல், ஆறு, கால்வாய் மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் பார்த்துவிடலாம். சிறு குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்கும் இதுவே நல்லது.

ஹவுஸ்போட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று தலைமுறை சேர்ந்து ஒருநாள் இருக்க, சமைத்துப் போடச் சொல்லிச் சாப்பிட, மாலை வெளிச்சத்தில் காயலைப் பார்க்க அது அருமையான இடம். ஆனால் வாங்குவது என்ன என்று தெரிந்து வாங்குங்கள். நண்பகலில் ஏறி மறுநாள் காலை ஒன்பது மணி வாக்கில் இறங்குவது வழக்கமான ஏற்பாடு. மாலை ஐந்தரை, ஆறு மணிக்குப் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள். இரவில் மீனவர்கள் வலை விரிப்பதால் ஓட்டக் கூடாது. ஆக, இருபத்தோரு மணி நேர வாடகையில் படகு ஓடுவது நான்கைந்து மணி நேரம்தான், அதிலும் மதியச் சாப்பாட்டுக்காக நிறுத்திவைப்பார்கள். பல படகுகளில் ஏசி இரவில் மட்டும் ஓடும். இதையெல்லாம் முன்பே கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள், கேட்காவிட்டால் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். ஹவுஸ்போட் எடுப்பவர்களும் மாலை அது கட்டப்பட்ட பிறகோ மறுநாள் காலையோ ஒரு மணி நேரம் நாட்டு வள்ளத்தில் கால்வாய்க்குள் போய் வருவதாக ஏற்பாடு செய்துகொண்டால் இரண்டும் கிடைத்துவிடும்.

எப்போது போவது?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை என்று எல்லோரும் சொல்வார்கள். வெயில் குறைவு, மழை குறைவு, வயல்கள் பச்சையாக இருக்கும். கூட்டமும் அப்போதுதான். கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறை வாரத்தில் வாடகை பல மடங்கு ஏறிவிடும், காயலில் படகுகள் வரிசை கட்டி நிற்கும். ஜனவரியில் பொங்கல் விடுமுறை முடிந்த பிறகு, வார நாளில் போனால் நிம்மதியாகப் பார்க்கலாம்.

இந்த மாதங்களில் ஒரு சங்கடம் உண்டு, அதைப் பலரும் சொல்வதில்லை. காயலின் குறுக்கே தண்ணீர்முக்கத்தில் ஒரு தடுப்பணை இருக்கிறது. கடலின் உப்பு நீர் ஏறி வந்து நெற்பயிரைக் கெடுத்துவிடாமல் இருக்க 1970-களில் கட்டி முடித்தார்கள். வழக்கமாக டிசம்பர் நடுவில் அதன் ஷட்டர்களை இறக்கினால், மார்ச் நடுவில் அறுவடையைப் பார்த்துத் தூக்குவார்கள். மூடியிருக்கும்போது தெற்குப் பக்கத்து நீர் அசையாமல் தேங்குகிறது. ஆகாயத்தாமரை பெருகி, சில கால்வாய்களை விரித்த பாய்போல மூடிவிடும். நீரின் நிறமும் மணமும் மாறும். ஷட்டர் திறந்து உப்பு நீர் ஏறியதும் அந்தச் செடி கருகத் தொடங்கும். ஆகவே ஜனவரி, பிப்ரவரியில் போகிறவர்கள், "இப்போது எந்தத் தோட்டில் பாயல் இல்லை?" என்று உள்ளூர்க்காரரிடம் கேட்டுத் தடத்தை முடிவு செய்யுங்கள். அங்கே கால்வாயைத் தோடு என்றும், நீரை மூடும் களைச்செடியைப் பாயல் என்றும்தான் சொல்வார்கள்.

மார்ச் மாத அறுவடையும் பார்க்கத் தகுந்தது. நெல் ஏற்றிய வள்ளங்கள் கரையோரம் வரிசையாக நிற்கும். அறுவடை முடிந்த வயலில் ஆயிரக்கணக்கான வாத்துகளை இறக்கி மேய்ப்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் பகலில் புழுக்கம் தாங்காது, மாலையில் இடியோடு மழை வரும். அந்த மாதங்களில் விடிந்தவுடன் கிளம்பி ஒன்பதரைக்குள் முடித்துவிடுவது ஒன்றே வழி.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வாடகை குறையும், கால்வாய்கள் நிரம்பி ஓடும், கூட்டமே இருக்காது. மழையில் குட்டநாடு அழகின் உச்சத்தில் இருக்கும் என்று நான் நினைக்கிறேன். ஆனால் வானிலை எச்சரிக்கை வந்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள், அப்போது வாதாடக் கூடாது. 2018 வெள்ளத்தில் குட்டநாடே முழுகி, மக்கள் மொத்தமாக வெளியேறியதை அங்கே யாரும் மறக்கவில்லை. ஆகஸ்டில் வழக்கமாக நடக்கும் நேரு கோப்பைப் படகுப் போட்டி நாளில் புன்னமடைப் பகுதியில் சுற்றுலாப் படகு எதுவும் ஓடாது. போட்டியைப் பார்க்க வருவதென்றால் அதற்கான சீட்டும் தங்குமிடமும் முன்பே எடுத்திருக்க வேண்டும். தேதி சில ஆண்டுகளில் தள்ளிப்போவதால் உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்.

எந்த மாதமாக இருந்தாலும் காலை ஆறரை முதல் ஒன்பதரை வரைக்கும் உள்ள நேரத்துக்கு ஈடில்லை. காயலில் காற்று எழும்பியிருக்காது, பறவைகள் இரை தேடும் நேரம், ஊர் விழித்துக்கொண்டிருக்கும். பாம்புத்தாரா கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்துவதையும், நீர்க்காகம் சிறகை விரித்து வெயிலில் காய்வதையும் கிட்டத்திலிருந்து பார்க்கலாம்.

பேரம் பேசும் முன்

ரயில் நிலையத்திலும் பேருந்து நிலையத்திலும் இறங்கியவுடன் படகு வேண்டுமா என்று கேட்டு வருவார்கள். அவர்களில் பலரும் தரகர்கள், தரகு நம் வாடகையில்தான் சேரும். ஜெட்டிக்கு நேராகப் போய், மாவட்டச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கவுண்டரில் கட்டணத்தைத் தெரிந்துகொண்டு, அதன்பிறகு தனியாரிடம் பேசினால் ஒரு அளவுகோல் கையில் இருக்கும். பல வள்ளங்கள் ஜெட்டியில் இருக்காது, நீங்கள் தங்கும் வீட்டுக்காரர் அவருக்குத் தெரிந்த ஓட்டுநரைக் கூப்பிட்டுவிடுவார். கால்வாய்க் கரையில் உள்ள ஒரு ஹோம்ஸ்டேயில் தங்குவதன் பெரிய லாபமே இதுதான். பணமும் அந்த ஊருக்குள்ளேயே நிற்கும்.

பேசும்போது தொகை தலைக்கா, படகுக்கா, மணிக்கா என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மணிக்கு என்றால் எந்த நிமிடத்திலிருந்து கணக்கு என்று கேளுங்கள். போகும் வழியைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "கால்வாய்க்குள் போவோம்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்த ஊர்க் கால்வாய், அதில் எவ்வளவு நேரம், காயலில் எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஏமாற்ற நினைக்கிறவர் அப்போதே தடுமாறுவார். வழியில் கடைகளில் நிறுத்துவது கட்டாயமா என்றும் கேட்டுவிடுங்கள். மீன் வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தருகிறோம் என்பார்கள், எடைக்கு விலை கேட்காமல் தலையாட்டினால் பில் அதிர வைக்கும். முக்கியமாக, படகை நேரில் பார்க்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

உயிர் முக்கியம்

இந்தப் பகுதியைச் சுருக்க எனக்கு மனமில்லை. கேரளத்து நீர்வழிகளில் நடந்த பெரிய விபத்துகளில் பலவும் அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதால் நடந்தவை. மலையாளக் கவிஞர் குமாரன் ஆசான் 1924 ஜனவரியில் கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்கு வந்த படகு பல்லனையில் கவிழ்ந்து இறந்தார். அதுவும் கூட்டம் நிரம்பி வழிந்த படகு. 2002 ஜூலையில் முகம்மாவிலிருந்து குமரகத்துக்கு வந்த படகு முழுகி 29 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் அரசு வேலைக்கான தேர்வெழுதக் கிளம்பியவர்கள். 2009 செப்டம்பரில் தேக்கடியில் 45 பேர் இறந்த விபத்தில், கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் குவிந்தது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். 2023 மே 7 அன்று தானூரில் மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய சுற்றுலாப் படகு மாலை இருட்டியபின் கவிழ்ந்தது. இறந்த 22 பேரில் குழந்தைகள் நிறைய.

ஆகவே படகின் பக்கவாட்டில் பதிவு எண்ணும் எத்தனை பேர் ஏறலாம் என்ற எண்ணிக்கையும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏறாதீர்கள். அந்த எண்ணிக்கையில் குழந்தையும் சேர்த்தி. "குட்டிப் பிள்ளைதானே, மடியில் வைத்துக்கொள்ளுங்கள்" என்பதை ஏற்கக் கூடாது. லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று வேண்டும். அது மூட்டையாகக் கட்டி மேலே வைத்திருந்தால் பயனில்லை, கிளம்பும் முன்பே மாட்டி, வாரை இழுத்துக் கட்ட வேண்டும். குழந்தைகளுக்குக் குழந்தை அளவு ஜாக்கெட் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். பெரியவர்களுடையதை மாட்டிவிட்டால் தண்ணீரில் குழந்தை அதற்குள்ளிருந்து நழுவிவிடும். மேல்தளம் உள்ள படகில் எல்லோரும் மேலே ஏறி நிற்பதும், படம் எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் போவதும் ஆபத்து. சூரியன் மறைந்த பிறகு ஓட்டுகிறேன் என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள், தள்ளுபடி தந்தாலும் சரி. ஓட்டுகிறவர் குடித்திருந்தால் பணம் போனால் போகட்டும் என்று இறங்கிவிடுங்கள்.

ஹவுஸ்போட்டில் இரவு தங்கும்போது சிறு பிள்ளைகளை ஒரு நொடியும் தனியே விடக் கூடாது. படகு கட்டியிருக்கிறதே என்ற நினைப்பில்தான் கவனம் தப்பும். தடுப்புக் கம்பிக்கு இடையில் எவ்வளவு இடைவெளி என்று ஏறியவுடன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பையில் என்ன?

அதிகம் வேண்டாம். தொப்பி, குடிதண்ணீர், கொசுவுக்குத் தடவ ஏதாவது, மழைக்கோட்டு, கைப்பேசியை வைக்க நீர் புகாத உறை, சில்லறைப் பணம். குடை வள்ளத்தில் காற்றைப் பிடித்து இழுக்கும், தொப்பியே மேல். படிக்கட்டுகள் பாசி பிடித்து வழுக்கும் என்பதால் பிடிமானமுள்ள, சட்டென்று கழற்றக்கூடிய செருப்பு நல்லது. பட்டுப்புடவையும் இறுக்கமான ஜீன்ஸும் படகில் ஏறி இறங்கத் தொல்லை.

வள்ளத்திலும் பெரும்பாலான ஷிக்காராக்களிலும் கழிப்பறை கிடையாது. சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் இருந்தால் வழியில் எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். பெண்கள் இதைக் கேட்கத் தயங்கித் தண்ணீர் குடிக்காமலே நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஓட்டுநருக்கு இது தினமும் கேட்கும் கேள்விதான், கூச்சப்பட எதுவும் இல்லை. தலைசுற்றலுக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு ஆறுதல்: கால்வாய் நீரில் அலை மிகக் குறைவு, கடல் பயணத்தில் வரும் குமட்டல் இங்கே அபூர்வம்.

கால்வாய் நீரில் இறங்கிக் குளிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் பரவும் பகுதி அது. காலில் புண்ணோ வெடிப்போ இருந்தால் அந்த நீரில் காலை நனைக்கவே வேண்டாம். கரையில் கால் வழுக்கிச் சேற்றில் இறங்கிவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். திரும்பிய சில நாள்களில் காய்ச்சலும் கடுமையான தசைவலியும் வந்தால், குட்டநாட்டுக்குப் போய் வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அவர்கள் வாசல்

கரையில் குளிக்கிறவர்கள், துணி துவைக்கிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள் யாரும் காட்சிப் பொருள்கள் இல்லை. அவர்கள் வீட்டு முன்வாசலில்தான் நாம் போய்க்கொண்டிருக்கிறோம். படிக்கட்டில் பெண்கள் இருந்தால் கேமராவைக் கீழே வையுங்கள். பாட்டு போடச் சொல்லும் பழக்கம் பெரிய குழுக்களிடம் இருக்கிறது. வரப்பில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, வீட்டுக்குள் படுத்திருக்கும் நோயாளி எல்லோருக்கும் அது கேட்கும். ஒரு நாளில் ஒரே வாசலைப் பல படகுகள் கடக்கின்றன என்பதை நினைத்துப் பார்த்தால் கை தானாகவே ஒலியைக் குறைத்துவிடும்.

வேம்பநாட்டுக் காயல் 2002 முதல் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ராம்சார் ஈரநிலம். ஆனாலும் படகுகளின் கழிவும் பிளாஸ்டிக்கும் அதில்தான் சேர்கின்றன. ஹவுஸ்போட் பேசும்போது, கழிவறைக் கழிவு எங்கே போகிறது என்று ஒரு கேள்வி கேட்டு வையுங்கள். வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கினால்தான் உரிமையாளர்கள் கவலைப்படுவார்கள். நாம் கொண்டுபோன பாட்டிலையும் உறையையும் நம்மோடு திருப்பி எடுத்து வருவது நம் கையில்தான் இருக்கிறது.

கையில் இன்னொரு நாள் இருந்தால் வைக்கத்துக்குப் போகலாம். ஆலப்புழை மாவட்டக் கரையிலுள்ள தவணக்கடவிலிருந்து காயலைக் கடந்து வைக்கம் போகும் தடத்தில் 2017 ஜனவரியில் ஆதித்யா என்ற சூரியசக்திப் படகு ஓடத் தொடங்கியது, இந்தியாவில் அத்தகைய முதல் பயணிகள் படகு அது. புகை கிடையாது, இன்ஜின் இரைச்சலும் கிடையாது, கால் மணி நேரத்தில் அக்கரை. 1924-இல் கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லோரும் நடக்கும் உரிமைக்காக நடந்த போராட்டத்தில் பெரியார் சிறை சென்ற ஊர் வைக்கம். அங்கே தமிழ்நாடு அரசு பராமரிக்கும் அவரது நினைவகம் புதுப்பிக்கப்பட்டு 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. படகுத்துறையிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். மாலையில் தவணக்கடவுக்குத் திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.